வாசல் மேல் மூக்கு

2020-க்கு முன்னால் ‘வென்டிலேட்டர்’ என்று சொன்னால் யாருக்கும் வயிற்றைக் கலக்காது. கதவுக்கு மேலே, பாத்ரூம் சுவரில், பள்ளிக்கூட வகுப்பறையில் கூரையை ஒட்டி ஒரு குட்டி ஜன்னல் இருக்குமே, அதற்குத்தான் அந்தப் பெயர். அதில் குருவி கூடு கட்டும். ஒட்டடை படியும். வெள்ளையடிக்க வருகிறவர் ஏணி போட்டு ஏறி, கண்ணாடியையும் சேர்த்து அடித்துவிட்டு இறங்குவார். கொரோனா வந்தது, வார்த்தை ஆஸ்பத்திரிக்குக் குடிபோய்விட்டது. இன்றைக்கு ‘வென்டிலேட்டர்ல இருக்கு’ என்று போனில் யாராவது சொன்னால், குருவிக்கூடா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த வாரம் அந்தப் பழைய வென்டிலேட்டரை விமர்சனம் பண்ணலாம் என்று இருக்கிறேன். சினிமாவை ஃபிரேம் ஃபிரேமாகப் பிய்க்கிறோம். நாவலை, கிரிக்கெட் கேப்டனை, பக்கத்து வீட்டுச் சாம்பாரைக்கூட விடுவதில்லை. ராத்திரி பூரா நாம் படுத்துக் கிடக்கும் அறையை மட்டும் யாரும் விமர்சிப்பது கிடையாது. கிரகப்பிரவேசத்துக்குப் போகிறோம். ‘டைல்ஸ் சூப்பர்’ என்கிறோம். மொய் எழுதிவிட்டு, பாயசம் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். மூன்றாவது மாதம் அந்த வீட்டுக்காரர் மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரிவதில்லை.

முதலில் பெயர். ஜன்னல் தமிழ் வார்த்தை இல்லை. ‘ஜனேலா’ என்று போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்து இறக்கியது. நம்மிடம் அதற்கு முன்னால் இருந்தது காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. பூம்புகார் மாளிகைகளில் மானின் கண் மாதிரி காலதர்கள் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இங்கிலீஷ் ‘விண்டோ’வும் பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் ‘காற்றின் கண்’தான். இரண்டு இடத்திலும் காற்றுதான் முதலில். வேடிக்கை பார்ப்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. பெரிய ஜன்னலில் நின்று தெருவைப் பார்க்கலாம், காபி குடிக்கலாம், ஹீரோயின் என்றால் மழையில் கை நீட்டலாம். கதவுக்கு மேலே இருக்கிற குட்டி ஜன்னலில் ஒன்றும் பண்ண முடியாது. யாருக்கும் எட்டாது. காற்றுக்கு வழி விடுவது, கொஞ்சம் வெளிச்சம் கொடுப்பது, அவ்வளவுதான் அதன் உத்தியோகம். அசல் காலதர் என்று சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கு ‘டிரான்ஸம்’ என்று பெயர். கேட்காமலே வந்து சேரும் கதைகளை அங்கே பதிப்பகங்களில் ‘டிரான்ஸம் வழியாக வந்தது’ என்பார்கள். கதவு பூட்டியிருந்தால் எழுத்தாளர் கையெழுத்துப் பிரதியை மேல் ஜன்னல் வழியாக உள்ளே எறிந்துவிட்டு ஓடிவிடுவாராம். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் இன்னும் வேடிக்கை: ‘வாசிஸ்தாஸ்’. கதவிலோ மேலேயோ இருக்கும் குட்டித் திறப்பு. ஜெர்மன் மொழியில் ‘வாஸ் இஸ்ட் தாஸ்’ என்றால் ‘என்ன அது?’ என்று அர்த்தம். கதவைத் தட்டினால் முழுக்கத் திறக்காமல் அந்தச் சின்னத் துவாரம் வழியாக ‘யாருய்யா, என்ன வேணும்?’ என்று கேட்கிற கேள்வியே பெயராகிவிட்டது.

விஷயத்தின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது, ஆனால் வீடு சாத்தியில்லை. மனிதனுக்கு வழி இல்லை, காற்றுக்கு வழி உண்டு. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து யோசித்த ஆசாரி யார் என்று தெரியாது. பெரிய மூளை.

பிரெஞ்சு என்றதும் பாண்டிச்சேரி. ரோமன் ரோலன் வீதி, டூமா வீதிப் பக்கம் சனி ஞாயிறுகளில் போனால் மஞ்சள் சுவருக்கு முன்னால் ஒரு பெரிய கூட்டம் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும். சுவரையும் காகிதப் பூவையும் எடுப்பார்கள். அந்த வளைவான மேல் திறப்பு படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டுப் போகும். வெயில் ஊரில் வீடு கட்டுகிறோம் என்ற பயத்தோடு கட்டிய வீடுகள் அவை. உயரமான கூரை, சாய்வான மரச்சட்டம் வைத்த கதவுகள், உள்ளே முற்றம். கதவு சாத்தியிருக்கும்போதும் சூடான காற்று மேலே ஏறி வெளியே போய்க்கொண்டே இருக்கும். தமிழர் பகுதியிலும் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமுமாக இதே கணக்கை வேறு மாதிரி போட்டிருக்கிறார்கள். வைசியாள் வீதி சீரமைப்புக்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. நல்ல வேலை, மனசாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் இப்படிப்பட்ட வீடுகளை ஹோட்டலாக்குகிறவர்கள் பண்ணுகிற ஒரு காரியம் இருக்கிறது. மேல் ஜன்னலுக்குப் புது வார்னிஷ் அடிக்கிறார்கள், கண்ணாடியைப் பளபளவென்று துடைக்கிறார்கள், அப்புறம் சிலிக்கான் பேஸ்ட் போட்டு நிரந்தரமாக ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே ஏசி ஓடவேண்டுமே! பல்செட்டைப் பாலிஷ் பண்ணி டம்ளரில் போட்டு வைத்த மாதிரி இருக்கிறது. பார்க்க அழகு, மெல்ல உதவாது. அந்த அறைக்கு ‘ஹெரிட்டேஜ் ரூம்’ என்று தனி ரேட்.

காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி விமர்சனமாக ஒரு வார்த்தை சொன்னால் அடிக்க வருவார்கள். பரவாயில்லை. வாசல் நிலைக்கு மேலே பர்மா தேக்கில் அவ்வளவு செதுக்கல், லட்சுமி, யாளி, கொடி, பூ. உள் கதவுகளுக்கு மேலே அரைவட்டத்தில் கலர் கண்ணாடி. காலையில் வெயில் அதன் வழியாக விழுந்து ஆத்தங்குடி டைல்ஸ் மேல் சிவப்பும் பச்சையுமாகப் படுத்துக்கிடக்கும்போது வாய் பிளந்து நிற்கத்தான் வேண்டும். ஆனால் அந்த அரைவட்டக் கண்ணாடிகளில் பல திறக்கிற ஜாதி இல்லை. வெளிச்சம் வரும், காற்று வராது. அந்த வீடுகளில் காற்று வேலையை முற்றமும் இரண்டாங்கட்டும் பார்த்துக்கொள்கின்றன. கதவு மேல் கண்ணாடி நகை மட்டும்தான். பணம் வந்தவுடன் மூக்கை அடைத்து மூக்குத்தி போட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. லண்டனிலும் டப்ளினிலும் பதினெட்டாம் நூற்றாண்டு வீடுகளின் முன்கதவு மேல் விசிறி மாதிரி கண்ணாடி இருக்கும். அங்கே குளிர். இருட்டு நடைக்குள் வெளிச்சம் வந்தால் போதும், காற்று வேண்டியதில்லை. அவர்களுக்கு அது நியாயம். நமக்கு?

என் மார்க் யாருக்கு என்றால், பழைய பங்களாக்கள், ரயில்வே குவார்ட்டர்ஸ், சர்க்கார் ஆபீஸ்கள், மிஷன் பள்ளிக்கூடங்களில் இருந்த கயிறு கட்டிய வென்டிலேட்டருக்கு. பார்த்திருப்பீர்கள். செவ்வகச் சட்டம், நடுவில் இரண்டு பக்கமும் ஒரு அச்சு. மேலிருந்து ஒரு கயிறு, கீழிருந்து ஒரு கயிறு. ஒன்றை இழுத்தால் ஜன்னல் சாய்ந்து திறக்கும், மற்றதை இழுத்தால் மூடும். கயிற்றைச் சுவரில் ஒரு கொக்கியில் எட்டுப் போட்டுச் சுற்றி வைத்திருப்பார்கள். சாய்ந்து திறப்பதால் மழை உள்ளே வராது, காற்று வெளியே போகும். மின்சாரம் வேண்டாம். பத்து வயசுப் பையனால் இயக்க முடியும். (பத்து வயசுப் பையன்கள் தேவைக்கு மேலேயே இயக்கி, கயிற்றை அறுத்து, வாத்தியாரிடம் அடி வாங்கினார்கள் என்பது வேறு விஷயம்.) ஒரு அலங்காரம் இல்லை, ஒரு செதுக்கல் இல்லை. எனக்கு அதுதான் அழகு.

அது செத்த விதம் பரிதாபம். முதலில் கயிறு இற்றுப்போனது, யாரும் மாற்றவில்லை. அப்புறம் வருஷா வருஷம் பெயின்ட். சட்டமும் நிலையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிறகு ஒரு நாள் கேபிள் டி.வி. வயர் உள்ளே வருவதற்காக ஒரு மூலைக் கண்ணாடியை உடைத்தார்கள். அந்த ஓட்டைதான் இப்போது அந்த அறையின் வென்டிலேஷன்.

இதன் விஞ்ஞானம் ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. சூடான காற்று லேசானது, மேலே போகும். கதவு, ஜன்னல்களின் மேல் மட்டம், அதாவது லிண்டல், சாதாரணமாக ஏழு அடி. கூரை பத்து அடியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு அடிக்கு மேலே மிச்சம் மூன்று அடி. நாலு பக்கமும் சுவர், மேலே கான்கிரீட். அந்த மூன்றடிப் பெட்டிக்குள் போன சூடு எங்கே போகும்? ஜன்னலைத் திறந்து வைத்தாலும் அது இறங்கி வந்து வெளியே போகாது. அங்கேயே உட்கார்ந்திருக்கும். மேலே கான்கிரீட் ஸ்லாப் பகல் பூரா வெயிலில் வாங்கின சூட்டைச் சாயந்திரத்துக்கு மேல் உள்ளே திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கும். கடன் வாங்கினவர்களில் இவ்வளவு நாணயஸ்தரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தச் சமயம் பார்த்து நாம் ஃபேனைப் போடுகிறோம். ஃபேன் எங்கே தொங்குகிறது? அந்தச் சூட்டுப் பெட்டிக்கு நடுவில். மேலே தேங்கினதை எடுத்துத் தலையில் கொட்டுகிறது. ‘ஃபேன் போட்டா அனல் காத்துதான் வருது’ என்று தமிழ்நாடு முழுக்க ஏப்ரல், மே மாதங்களில் ஒலிக்கும் வசனத்துக்கு இதுதான் காரணம். அந்த மூன்றடியில், ஸ்லாபை ஒட்டி, ஒரு சாண் உயரத்துக்கு வழி விட்டிருந்தால் சூடு பாதி ராத்திரிக்குள் வெளியேறியிருக்கும். கீழே கதவிடுக்கிலோ ஜன்னலிலோ வெளிக்காற்று உள்ளே வரும். எதிர்ச்சுவரிலும் ஒரு திறப்பு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்த மூன்றடியை நாம் என்ன பண்ணினோம்? பரண் போட்டோம். லாஃப்ட் என்று பெயர் மாற்றி, லிண்டல் மட்டத்தில் கான்கிரீட் பலகை நீட்டி, கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் அண்டாவையும் உடைந்த சைக்கிளையும் ஏற்றினோம். வென்டிலேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அண்டா இருக்கிறது. கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் ஃபால்ஸ் சீலிங் போட்டார்கள். பிளான் வரைகிற இன்ஜினீயர்கள் கதவுக்கு ‘டி’, ஜன்னலுக்கு ‘டபிள்யூ’, வென்டிலேட்டருக்கு ‘வி’ என்று குறிப்பார்கள். இன்றைய ஃபிளாட் பிளானை எடுத்துப் பாருங்கள். ‘வி’ பெரும்பாலும் டாய்லெட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். மனிதன் மூச்சு விடவேண்டிய ஒரே இடம் அதுதான் என்று முடிவு செய்துவிட்டோம்.

சட்டமும் கூடவே நகர்ந்துவிட்டது. 2016-ம் வருஷத்து தேசியக் கட்டட விதித் தொகுப்பு, குடியிருக்கும் அறைக்குக் குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர் என்கிறது. ஏசி அறை என்றால் 2.4 மீட்டர் போதும். ஒன்பது அடி எங்கே, எட்டடி எங்கே! ஏழடி லிண்டலுக்கு மேலே ஒரு அடிக்குள் என்ன ஜன்னல் வைப்பது? ஏசி ஓடும்வரை சரி. கரண்ட் போனால் அந்த அறையில் இருப்பது காற்று இல்லை, சூப். திறப்புகளின் அளவுக்கும் அதே தொகுப்பில் கணக்கு உண்டு: வறண்ட வெப்பப் பகுதியில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு, ஈரமான வெப்பப் பகுதியில் ஆறில் ஒரு பங்கு. நல்ல கணக்குதான். ஆனால் அந்தப் பங்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்பது அந்த எண்ணில் இல்லை. மொத்தத்தையும் ஏழடிக்குக் கீழே வைத்துவிட்டு ‘பாஸ்’ வாங்கலாம்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். 1946 டிசம்பர் 7-ம் தேதி அமெரிக்காவில் அட்லான்டா நகரத்தில் வைன்காஃப் என்ற ஹோட்டல் எரிந்தது. 119 பேர் இறந்தார்கள். தீ வேகமாகப் பரவியதற்கு, வராந்தாவைப் பார்த்துத் திறந்திருந்த, அறைக் கதவுகளின் மேல் ஜன்னல்களும் ஒரு காரணம். புகை ஒவ்வொரு அறையாக அந்த வழியே நுழைந்தது. ஆகவே பல மாடிக் கட்டடத்தில், உள் வராந்தாவைப் பார்த்து, கதவு மேல் ஜன்னல் வை என்று நான் சொல்ல மாட்டேன். திருடன் பிரச்னையும் உண்டு. ‘வென்டிலேட்டர் வழியாகப் புகுந்து கைவரிசை’ என்று பேப்பரில் அடிக்கடி பார்க்கிறோம். அதற்கு இரும்புக் கம்பி போதும். கொசுவுக்கு வலை போதும். வலையில் தூசி அடைத்தால் காற்று பாதியாகிவிடும், வருஷத்துக்கு இரண்டு தடவை கழுவ வேண்டும். யார் ஏணி போட்டு ஏறுவது என்கிறீர்களா? அது நியாயமான கேள்வி. கயிறு மாற்றாத ஜனங்கள்தானே நாம்.

ஆனால் இந்த விமர்சனத்தை நான் எழுத உட்கார்ந்தது பாண்டிச்சேரி வார்னிஷுக்காக இல்லை. நாலு பக்கமும் தோட்டம் உள்ள வீட்டுக்கு இந்தக் குட்டி ஜன்னல் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. இது யாருக்கு அவசியம்? இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். முன்னால் ஒரு கதவு. பின்னால் வழி இருந்தால் அதிர்ஷ்டம். அந்த வீட்டுக்கு. திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனங்களில் அப்படித்தான் ஒரு கதவு, ஒரு அறை. கதவைச் சாத்தினால் மானம் மிஞ்சும், மூச்சு போகும். திறந்தால் மூச்சு மிஞ்சும். நிலைக்கு மேலே இருந்த கம்பி போட்ட சதுரம்தான் இரண்டையும் காப்பாற்றியது. அதன் வழியாக எதிர் போர்ஷன் ரசத்தின் வாசனையும் மாமியார் மருமகள் சண்டையும் வரும்தான். ராத்திரி அதில் வெளிச்சம் தெரிந்தால் அந்த வீட்டில் யாரோ பரீட்சைக்குப் படிக்கிறார்கள், அல்லது யாருக்கோ உடம்பு சரியில்லை என்று வராந்தாவுக்கே தெரியும்.

கருணாபுரம் என்ற பெயரை வெளியூர்க்காரர்கள் பெரும்பாலோர் 2024 ஜூனில்தான் முதல் தடவையாகக் கேட்டிருப்பார்கள். கள்ளக்குறிச்சி டவுனுக்குள் இருக்கிற பகுதி. மெத்தனால் கலந்த சாராயத்தால் 65 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் தினக்கூலிக்குப் போகிறவர்கள். அந்தக் குற்றத்தைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் பேசினார்கள், இன்னும் பேச வேண்டும். அதன் அருகில் ஜன்னலைக் கொண்டுவந்து வைப்பது என் உத்தேசம் இல்லை. ஆனால் அந்த நாட்களில் டி.வி.யில் பார்த்த சந்துகளை நினைத்துப் பாருங்கள். ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும் சின்னச் சின்ன வீடுகள். எல்லோரும் வெளியே. துக்கம் என்பதால் வெளியே. ஆனால் துக்கம் இல்லாத கோடை நாளிலும் இந்த மாதிரி தெருக்களில், அது கள்ளக்குறிச்சியாக இருந்தாலும் கண்ணகி நகராக இருந்தாலும், சாயந்திரம் ஏழு மணிக்கு மேல் பாதி ஜனம் வாசலில்தான் இருக்கும். தெருவில் அரட்டை அடிக்கிற பழக்கம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உள்ளே இருக்க முடியவில்லை, அதுதான் விஷயம். ஆம்பளைகள் வாசலிலோ மாடியிலோ படுத்துவிடுவார்கள். பெண்களும் வயசுப் பெண்களும் உள்ளே படுக்க வேண்டும், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. கதவு மேல் ஜன்னலின் அவசியம் முழுக்க அந்தத் தாழ்ப்பாளில் இருக்கிறது.

குடிசையில் இந்தப் பிரச்னை வேறு விதம். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். கீற்றே மூச்சு விடும். அதற்காகக் குடிசைதான் சிறந்தது என்று எழுதுகிற ரகம் நான் இல்லை. அப்படி எழுதுகிறவர்கள் யாரும் குடிசையில் இருந்து எழுதுவதில்லை. மழை ஒழுகும், பாம்பு வரும், ஒரு தீக்குச்சி போதும். 2004-ல் கும்பகோணத்தில் கீற்றுக் கொட்டகையோடு 94 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர் நாம். கான்கிரீட் வீடு கௌரவம், பாதுகாப்பு, எல்லாம் சரி. சர்க்காரும் கட்டிக்கொண்டே வந்திருக்கிறது. 1985-ல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் வந்தது, தொகுப்பு வீடு என்று ஊரில் சொல்வோமே, அது. 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் ஆக்குவதென்று. 2011-ல் ஜெயலலிதா அரசின் பசுமை வீடுகள், 300 சதுர அடி, சோலார் விளக்கோடு. 2024-ல் கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடி, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். ஆட்சி மாறினால் பெயர் மாறுகிறது, சதுர அடி மாறுகிறது. கூரையில் கான்கிரீட் என்பதில் பெரிய கருத்து வேற்றுமை இல்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே டவுனில் அனல். கல்வராயன் மலை மேலே வெள்ளிமலையில் ராத்திரி போர்வை தேடும் குளிர். இரண்டு இடத்துக்கும் ஒரே சதுர அடி, ஒரே தொகை. கீழே இருப்பவனுக்குத் திறக்கிற வென்டிலேட்டர் வேண்டும், மேலே இருப்பவனுக்கு மூடுகிற வென்டிலேட்டர் வேண்டும். அந்தக் கயிறு கட்டிய பழைய சமாசாரம் இரண்டையும் செய்யும்!

பல இடங்களில் தொகுப்பு வீட்டு நிலைக்கு மேலே ஒரு சிமென்ட் ஜாலி பதித்திருப்பதைப் பார்க்கலாம். நட்சத்திர வடிவம், பூ வடிவம், வெறும் கட்டம். செட்டிநாட்டுக் கலர் கண்ணாடியைவிட எனக்கு அதன் மேல் மரியாதை அதிகம். லாரி பேக்கர் 2007-ல் இறக்கும்வரை திருவனந்தபுரத்தில் செங்கல்லை விட்டு விட்டு அடுக்கி ஜாலிச் சுவராகக் கட்டிக்கொண்டே இருந்தார். கண்ணாடி வேண்டாம், ஆசாரி வேண்டாம், காற்று மட்டும் வரும். அந்தச் சிமென்ட் ஜாலியும் அதே குடும்பம்தான். ஆனால் கிட்டே போய்ப் பாருங்கள். பாதி வீடுகளில் பழைய துணியோ, ஃபிளெக்ஸ் பேனர் துண்டோ சொருகியிருக்கும். கொசு, சாரல், பல்லி. மூடவும் திறக்கவும் முடியாத ஒன்றைக் கொடுத்தால் ஜனங்கள் மூடித்தான் வைப்பார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை. ஒரு கதவும் ஒரு கொக்கியும் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

வெப்பம் மட்டும் இல்லை, நோயும் இருக்கிறது. தாம்பரம் சானடோரியம் என்று ஸ்டேஷன் பெயரைக் கேட்கிறோம். 1928-ல் டாக்டர் சவுரி முத்து காசநோய்க்காரர்களுக்காக ஆரம்பித்தது. அன்றைக்கு மருந்து கிடையாது, காற்றுதான் மருந்து. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சானடோரியத்தில் படுத்தாலும் ஒன்றுதான், நெருக்கடியான ஏழை வீட்டில் இருந்தாலும் ஒன்றுதான், கூட இருக்கிறவர்களுக்கும் அதனால் ஆபத்து கூடுவதில்லை என்று நிரூபித்தார்கள். அற்புதமான முடிவு. ஆனால் அதில் இன்னொரு சேதி ஒளிந்திருக்கிறது. மருந்து ஆரம்பித்த பிறகுதான் ஆபத்து இல்லை. ஆரம்பிப்பதற்கு முன்னால், ‘சாதா இருமல்தான்’ என்று இருமிக்கொண்டிருக்கும் மாதங்களில், அந்த ஒற்றை அறையில் மற்றவர்களைக் காப்பாற்ற டாக்டர் கிடையாது. காற்று மாறினால் உண்டு.

அதற்குக் கணக்கே இருக்கிறது. பெரு நாட்டில் லிமா நகரத்து ஆஸ்பத்திரிகளில் அறைக்காற்று மணிக்கு எத்தனை தடவை முழுசாக மாறுகிறது என்று அளந்து 2007-ல் வெளியிட்டார்கள். இயந்திரம் வைத்துக் காற்று மாற்றும் அறைகளில் 12 தடவை. ஜன்னலைத் திறந்து வைத்த புதுக் கட்டட அறைகளில் 17. ஐம்பது வருஷத்துக்கு மேல் பழைய, உயரக் கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட அறைகளில் 40. இடித்துவிட்டுப் புதுசு கட்டலாம் என்று நாம் கை ஓங்குகிற மாதிரிக் கட்டடங்கள்தான் பரீட்சையில் முதல் மார்க் வாங்கின.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு நாலு லட்சம் ரூபாய். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் கனவு இல்லத்துக்கு மூன்றரை லட்சம், அதில் வெந்து இறந்தால் நாலு லட்சம் என்று எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது கொஞ்சம் உறுத்துகிறது.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு தகவல். லிண்டல் கான்கிரீட் போட்டு, அதற்கு மேலே செங்கல் வரிசை ஏறும் நாளில் சைட்டில் இருங்கள். முன் கதவுக்கு மேலே ஸ்லாபை ஒட்டி இரண்டடி அகலம், ஒரு அடி உயரம் காலியாக விடச் சொல்லுங்கள். பின் சுவரிலும் அதே மாதிரி. தண்ணீர் உள்ளே வராமல் வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவு. மேஸ்திரி ‘எதுக்கு சார், யாரும் வைக்கிறதில்லையே, குருவிதான் வரும்’ என்பார். செங்கல்லும் கலவையும் மிச்சம் என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு விட்டுவிட்டால் பிறகு ஸ்லாபுக்குக் கீழே சுவரை உடைக்க வேண்டும்; கம்பி, பூச்சு, பெயின்ட் எல்லாம் முதலிலிருந்து. குருவி வந்தால் வரட்டும்.